ராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் பழைய புகைப்படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று இந்தக் கரையோரம் முழுக்க வீட்டு டிரங்குப் பெட்டிகளிலும் கடைச் சுவர்களிலும் பழைய படங்கள் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களும் தேடிச் சேர்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

வீட்டில் ஒரு பெட்டி நிறையப் பழைய படங்கள் கிடைத்திருக்கின்றன. முதலில் என்ன செய்வது?

துடைக்காதீர்கள், அடுக்கு மாற்றாதீர்கள். பெட்டியில் எந்தப் படத்துக்கு அடுத்து எது இருந்தது என்பதே ஒரு தகவல். ஒரே கல்யாணத்தில் எடுத்த ஆறு படங்கள் ஒரே உறையில் இருந்திருக்கும். கலைத்துவிட்டால் ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு என்பது போய்விடும். பெட்டியைத் திறந்தபடி மேலிருந்து செல்போனில் ஒரு படம் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எடுங்கள்.

அடுத்த வேலை ஸ்கேனர் வாங்குவதல்ல, பெயர் எழுதுவது. படத்தை அடுத்த வருடமும் ஸ்கேன் செய்யலாம். படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய எண்பது வயதுப் பெரியம்மா அடுத்த வருடம் இருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. பெயரும் இடமும் தெரியாத படத்தை எவ்வளவு நேர்த்தியாகப் பாதுகாத்தாலும் அது பாதிப் படம்தான்.

பெயரை எங்கே எழுதுவது? படத்தின் பின்னால் எழுதலாமா?

பால்பாயின்ட் பேனா வேண்டவே வேண்டாம். அழுத்தம் முன்பக்கத்தில் புடைக்கும், மையும் சில வருடத்தில் ஊறி வெளியே வரும். பழைய தாள் படமாக இருந்தால் 2பி பென்சிலால், கண்ணாடி போன்ற கெட்டியான தளத்தில் குப்புற வைத்து, ஓரத்தில் மெதுவாக ஒரு எண் மட்டும் எழுதுங்கள். 1970களுக்குப் பிந்தைய பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது. அதற்குப் படத்தை வைக்கும் காகித உறையின் மேல் எழுதுங்கள். உறைக்குள் படத்தைப் போடும் முன்பே எழுதிவிட வேண்டும்.

முழு விவரம் ஒரு நோட்டில் இருக்கட்டும். கூட்டமாக நிற்கும் படம் என்றால் அதன் நகல் ஒன்றை ஏ4 தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு தலைக்கு மேலும் எண் போட்டு, நோட்டில் எண்ணுக்கு நேராகப் பெயர் எழுதுங்கள். "இடமிருந்து மூன்றாவது" என்று எழுதினால் இரண்டு வரிசைக்கு நடுவே எட்டிப் பார்க்கும் பிள்ளையை எந்த வரிசையில் சேர்ப்பது என்று பின்னால் சண்டை வரும்.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்டால் விவரம் வரும்?

"இது எந்த வருஷம்?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது, அல்லது தவறான பதில் வரும். "அப்பத்தா, இது புயலுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேளுங்கள், சட்டென்று வரும். இந்தக் கரையில் 1964 டிசம்பர் புயல்தான் எல்லோருக்கும் பொதுவான மைல்கல். "அப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? மூத்தவர் பிறந்துட்டாரா? இலங்கைக்குக் கப்பல் ஓடிச்சா?" என்று கேட்டு இரண்டு பக்கமும் எல்லை கட்டலாம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வாப்பா, காக்கா, லாத்தா என்று அவரவர் வீட்டு முறை சொல்லி, வீட்டுப் பெண் ஒருவரையும் கூட வைத்துக்கொண்டு கேட்டால் பேச்சு தானாக ஓடும்.

சின்னப் படத்தைக் கையில் கொடுக்காதீர்கள். கண் தெரியாது, விரல் ஈரமும் படும். பெரிதாக்கிய அச்சையோ டேப்லெட்டையோ கொடுங்கள். முகத்தை விடப் பின்னணியைப் பற்றிக் கேட்டால் கூடுதலாக வரும்: அந்தத் திண்ணை யார் வீடு, அந்த ஊரணிப் படித்துறை எது, அந்தக் கொட்டகை எப்போது இடிந்தது. இரண்டு பேர் வெவ்வேறு பெயர் சொன்னால் இரண்டையும், யார் சொன்னார் என்பதோடு எழுதி வையுங்கள். நீங்களே தீர்ப்புச் சொல்லி ஒன்றை அடித்துவிடாதீர்கள்.

படம் எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே தடயத்தை நம்பி ஆண்டு போடக் கூடாது. "இதற்கு முன் இருக்க முடியாது", "இதற்குப் பின் இருக்க முடியாது" என்று இரண்டு பக்கமும் வேலி கட்டி, நடுவில் நிற்பதை எழுத வேண்டும்.

முதலில் தாள். தடித்த அட்டையில் ஒட்டி, கீழே ஸ்டூடியோ பெயர் பொறித்த, ஏறத்தாழ நாலேகால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலப் படங்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் புழங்கியவை. பல் பல்லாக வெட்டிய ஓரம் 1930களிலிருந்து 60கள் வரை. பின்னால் 'இந்து' என்ற முத்திரை இருந்தால் அது ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தாள். அந்த ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1967ல், ஆகவே அதற்குப் பிந்தையது. ஸ்டூடியோ ரப்பர் ஸ்டாம்ப்பில் 623 என்று தொடங்கும் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்த கலர் படம் 1980களிலோ அதற்குப் பிறகோ எடுத்தது.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. தாளின் வயது படத்தின் வயதல்ல. சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் தாத்தா படம் பெரும்பாலும் ஒரு பழைய கூட்டப் படத்திலிருந்து தலையை மட்டும் எடுத்து, காப்பி நெகட்டிவ் போட்டுப் பெரிதாக்கியது. தலைமுடியும் புருவமும் தூரிகையால் தீட்டியதுபோல் இருக்கிறதா, தோளுக்குக் கீழே பனிபோல் கரைந்து மறைகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் மூலப் படம் இன்னொரு வீட்டில் இருக்கக்கூடும். தேடுங்கள்.

அடுத்து கடைப் பலகை எழுத்து. தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978 அக்டோபரில். "வைத்தியசாலை", "சென்னை" போன்ற சொற்களில் லை, னை துதிக்கை வளைவோடு இருந்தால் அந்தப் பலகை அதற்கு முன் எழுதியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பலகை இருபது வருடம் அப்படியே தொங்கும், பழகிய கை பழைய வடிவத்திலேயே எழுதும். அதனால் இது வேலியல்ல, சாட்சி மட்டும். கட்சிக் கொடி இதைவிட உறுதி: கொடியில் அண்ணா உருவம் இருந்தால் 1972 அக்டோபருக்கு முன் இருக்க முடியாது. சுவரில் சினிமா போஸ்டர் இருந்தால் அந்தப் படம் வெளியான நாள் ஒரு பக்க வேலி. மறுபக்க வேலி ஆகாது, ஏனென்றால் பழைய படங்கள் டூரிங் டாக்கீஸில் பல வருடம் ஓடின. வண்டியில் ராமநாதபுரப் பதிவெண்ணான டி.என். 65 இருந்தால் 1989க்குப் பின்.

கரையையும் பாருங்கள். மணல் முழுக்க வலை விரித்துக் காயப் போட்டிருந்தால் அது பருத்தி நூல் வலையாக இருக்கலாம். தினமும் காய வைக்காவிட்டால் அது மக்கிவிடும். நைலான் வலைக்கு அந்தப் பாடில்லை. வள்ளமும் வத்தையும் கட்டுமரமும் மட்டும் நிற்கும் கரை ஒரு காலம், விசைப்படகு நிற்கும் கரை இன்னொரு காலம், பைபர் படகு தெரிந்தால் 1980களுக்கு இப்பால். நிலத்தில் பனையும் குடைபோல் விரிந்த உடை மரமும் தனித்தனியாக நின்று, இடையில் வெட்டவெளியாகத் தெரிந்தால் பழைய படம். இன்று கண்மாய் உள்வாயில்கூட அடர்ந்து நிற்கும் சீமைக்கருவேல் அப்போது இப்படிப் பரவியிருக்கவில்லை.

பாம்பன் பாலம் தெரிந்தால் காலத்தைச் சொல்ல முடியுமா?

இந்தக் கரையில் அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. பக்கத்தில் சாலைப் பாலத் தூண்கள் அரைகுறையாக எழுந்து நின்றால், அந்த வேலை நடந்த 1974க்கும் 1988க்கும் இடைப்பட்டது. சாலைப் பாலம் முழுதாக இருந்தால் 1988 அக்டோபர் 2க்குப் பின். இரண்டு கைகளைத் தூக்கியது போல நடுப்பகுதி பிரிந்து திறந்தால் பழைய பாலம். இரு கோபுரங்களுக்கு நடுவே பாளம் செங்குத்தாக மேலே ஏறினால் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். பழைய பாலத்தில் ரயில் ஓடுவது நின்றுபோனது 2022 டிசம்பரில்.

ரயிலே தெரிந்தால் இன்னும் நல்லது. மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்) இருந்தது 2007ல் அகலப்பாதை ஆகும் வரை. ஒய்.பி. வகை நீராவி எஞ்சின் இழுத்தால் 1949க்கு முன் இருக்க முடியாது.

"தனுஷ்கோடி" என்று சொல்லிப் பரவும் படங்களை நம்பலாமா?

ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் நம்ப வேண்டும். புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில் நள்ளிரவை ஒட்டிக் கடலில் அடித்துச் செல்லப்பட்டது. அந்த இருட்டிலும் மழையிலும் அதை யாரும் படம் பிடித்திருக்க வழியில்லை. "ரயில் மூழ்கும் காட்சி" என்று வருவதைத் தள்ளிவிடுங்கள். உண்மையாக இருப்பவை அடுத்தடுத்த நாட்களில் எடுத்தவை.

இன்னொரு குழப்பம் துறைமேடை. இலங்கைக் கப்பலுக்கு ஆள் கொண்டுவந்த போட் மெயில் ரயிலில் வந்து தனுஷ்கோடியில் கப்பல் ஏறியவர்கள் இறங்கியது தலைமன்னாரில். இரண்டு பக்கமும் கடலுக்குள் நீளும் மேடை, மேலே தண்டவாளம், பக்கத்தில் நீராவிக் கப்பல். பிரித்தறியத் தண்டவாளத்தைப் பாருங்கள். நம் பக்கம் மீட்டர்கேஜ், இலங்கை ரயில் ஐந்தரை அடி அகலப்பாதை. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் மரக்கட்டை மீட்டர்கேஜில் சுமார் 6 அடி, அகலப்பாதையில் 9 அடி. அருகில் நிற்கும் ஆளின் உயரத்தோடு ஒப்பிட்டால் கட்டை ஆள் நீளமா, ஒன்றரை ஆள் நீளமா என்று கண்ணாலேயே தெரியும்.

கூரையில்லாத தேவாலயம், பவளக்கல் சுவர், மணல் மூடிய நடைமேடை தெரியும் படங்கள் புயலுக்குப் பிந்தையவை. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை தெரிந்தால் 2017 வாக்கிலோ அதற்குப் பிறகோ.

வீட்டில் கிடைத்த ஸ்டூடியோ படம் நம் ஊரில் எடுத்ததுதானா?

கட்டாயம் இல்லை. இந்தக் கரைக் குடும்பங்கள் கொழும்பிலும் ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்தவை, வேலை பார்த்தவை. அங்கே எடுத்து ஊருக்கு அனுப்பிய படங்கள் ஏராளம். அட்டையின் அடியில் பொறித்த எழுத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். மை போயிருந்தாலும் அழுத்திய தடம் தெரியும். பின்னணித் திரையில் தீட்டிய படிக்கட்டு, தூண், பூந்தொட்டியைக் குறித்து வையுங்கள். அதே திரை வேறு வீட்டுப் படத்தில் ஸ்டூடியோ பெயரோடு கிடைத்தால், உங்கள் படத்துக்கும் இடம் கிடைத்துவிட்டது.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்குமா?

நெகட்டிவைத் திருப்பிப் போட்டால் மாறும், பழைய படங்களில் அடிக்கடி நடக்கும். எழுத்து தெரிந்தால் சந்தேகமே இல்லை. இல்லாவிட்டால் ஆண் சட்டையைப் பாருங்கள்: மார்புப் பை அணிந்தவரின் இடப்பக்கம், அவரது இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் படியும். சேலை முந்தானையை மட்டும் நம்பாதீர்கள், வலத்தோளில் போடும் கட்டும் உண்டு.

வெளியில் எடுத்த படத்தில் நிழலை வைத்தும் திசை பார்க்கலாம், ஆனால் இந்த அகலாங்கில் ஒரு கவனம் வேண்டும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிப்பொழுதுச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். மாதம் தெரியாமல் குட்டை நிழலை வைத்து வடக்கு தெற்கு சொல்லக் கூடாது.

கண்ணாடிச் சட்டத்தில் படம் ஒட்டிக்கொண்டது. எப்படிப் பிரிப்பது?

பிரிக்காதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். கடற்காற்றின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியில் பசைபோல் பிடித்திருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போகும், தாள் மட்டும் கையில் மிஞ்சும். சூடு காட்டுவது, பிளேடு விடுவது, நூல் விட்டு அறுப்பது எல்லாமே படத்தைக் கொல்லும் வழிகள்.

செய்ய வேண்டியது இது. பின்னட்டையையும் ஆணிகளையும் கழற்றிச் சட்டத்தை மட்டும் நீக்குங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை, லேசாக ஈரம் காட்டிய துணியால், ஓரம் வரை ஈரம் போகாமல் துடைத்துக் காயவிடுங்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். ஒட்டிய இடம் கறுப்பாகவும் ஒட்டாத இடம் வெளிறியும் திட்டுத் திட்டாகத் தெரியும். அதைக் கணினியில் ஓரளவு சமன்செய்யலாம். பிறகு கண்ணாடியோடு அப்படியே பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் அட்டை வரம்பு வைக்கச் சொல்லுங்கள்.

பூஞ்சணம், பூச்சி, உப்புக் காற்று: எப்படிக் காப்பாற்றுவது?

ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் முளைக்கும். நம் கரையில் வாடைக்காலத்தில் அது சாதாரணம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். 30 முதல் 50 வரை இருந்தால் நல்லது.

வெளிச்சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம், வீட்டின் நடு அறையில் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வையுங்கள். படங்களை அமிலமற்ற காகித உறையில் தனித்தனியாகப் போட்டு, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைக்கலாம். 20 லிட்டர் பெட்டிக்கு 100 முதல் 150 கிராம், துணிப்பையில், படத்தைத் தொடாமல். ஆரஞ்சு நிற மணி பச்சையானதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். மணியை மாற்ற மறப்பவர்களுக்கு மூடிய பெட்டி ஆபத்து, உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறாது. அவர்களுக்குக் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியே மேல்.

பாச்சை உருண்டை, பச்சை வேப்பிலை, பட்டர் பேப்பர், ஒட்டும் பக்க ஆல்பம், லேமினேஷன் ஐந்தும் கூடாது. லேமினேஷன் செய்த படத்தை மீட்க வழியே கிடையாது.

பூஞ்சணம் வந்துவிட்டால் ஈரமாகத் துடைக்காதீர்கள், தேய்ந்து உள்ளே போகும். மின்விசிறி ஓடும் உலர்ந்த அறையில் இரண்டு நாள் விரித்து வைத்து, பொடியான பிறகு மென்மையான தூரிகையால் வாசல் பக்கம் தள்ளுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளத்திலோ கடல்நீரிலோ நனைந்த படங்கள்?

48 மணி நேரத்துக்குள் வேலை நடக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் காயவே விடாதீர்கள். நல்ல குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் மூழ்கவைத்துத் தானாகப் பிரிய விடுங்கள். கடல்நீர் என்றால் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி உப்பை நீக்குங்கள். முகப்பை விரலால் தொடாமல், பருத்தித் துணியில் முகம் மேலாக வைத்து நிழலில் காயவையுங்கள். எண்ணிக்கை அதிகமென்றால் இடையிடையே பாலித்தீன் தாள் வைத்து ஃபிரீசரில் போட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். கண்ணாடி நெகட்டிவை மட்டும் ஃபிரீசரில் வைக்கக் கூடாது.

ஸ்கேன் எந்த அளவில்?

அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி). அதைவிடச் சிறிய காண்டாக்ட் பிரின்ட் (நெகட்டிவ் அளவிலேயே அச்சிட்டது), பாஸ்போர்ட் படத்துக்கு 1200. கறுப்பு வெள்ளையானாலும் கலரிலேயே எடுங்கள். பழுப்பேறிய இடமும் மைக்கறையும் வேறுவேறு நிறமாகப் பதிந்தால்தான் பின்னால் பிரிக்க முடியும். மூலப்பிரதி டிஃப் கோப்பாக இருக்கட்டும். 4க்கு 6 அங்குலப் படம் 600ல் ஏறத்தாழ 26 எம்.பி. வரும், ஆயிரம் படத்துக்கு 26 ஜி.பி. வாட்ஸ்அப்பில் அனுப்ப ஜேபெக் நகல் தனியாக. "ஆட்டோ கரெக்‌ஷன்", "டஸ்ட் ரிமூவல்" இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஓரத்தை வெட்டாதீர்கள். கோப்புக்கு 0147-1 முன், 0147-2 பின் என்று எண் மட்டும் போதும், விவரம் நோட்டில் அதே எண்ணில்.

செல்போன்தான் இருக்கிறதென்றால், வடக்குப் பார்த்த ஜன்னலோரம், வெயில் நேராக விழாத இடத்தில் படத்தைக் கிடத்தி, போனை நேர் மேலே பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். பளபளப்பு விழுந்தால் போனுக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடியுங்கள்.

நெகட்டிவ், கண்ணாடித் தகடு கிடைத்தால்?

மூடிய பழைய ஸ்டூடியோக்களில் கிடைக்கும், எடைக்குப் போகும் முன் பிடித்துவிடுங்கள். தகட்டை ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். மங்கலான பக்கம்தான் பூச்சு, அதில் துணி படக்கூடாது. படுக்கவைத்து அடுக்கினால் அடித்தகடு உடையும், நீளவாக்கில் நிறுத்தி வையுங்கள். ஃபிலிமில் காடி வாடை வந்தால் அதன் அடித்தளமான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. அதைத் தனியே பிரித்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். 35 மில்லிமீட்டருக்கு 2400 முதல் 3200 டி.பி.ஐ. வேண்டும்.

கலர் போடலாமா? ஏ.ஐ.யில் முகத்தைத் தெளிவாக்கலாமா?

நகலில் விளையாடலாம். ஆனால் அது தெளிவாக்குவதில்லை, இல்லாத கண்ணையும் பல்லையும் புதிதாகப் போடுகிறது. அந்த நகலில் "மாற்றியது" என்று படத்தின் மேலேயே எழுதாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

உரிமை யாருடையது? வெளியிடலாமா?

2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்குப் பதிப்புரிமை, எடுத்தவர் வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டும். ஆனால் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஸ்டூடியோ படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவரே. சட்டம் தாண்டியும் குடும்பத்தைக் கேளுங்கள். பெண்கள் இருக்கும் வீட்டுப் படங்களையும் இறந்தவரை உட்காரவைத்து எடுத்த படங்களையும் "வீட்டார் பார்வைக்கு மட்டும்" என்று குறித்துத் தனியே வைப்பதுதான் முறை. ஒருமுறை மீறினால் அந்தத் தெருவில் அடுத்த பெட்டி திறக்காது.

வெளியே எங்கே தேடலாம்?

1867–68ல் எட்மண்ட் டேவிட் லயன் எடுத்த ராமேஸ்வரம் கோயில் படங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் 1956 முதல் சேர்த்த கோயில் படங்களும், தமிழக ஸ்டூடியோப் படங்களின் தொகுப்பும் இருக்கின்றன. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1949 முதல் 1971 வரை மண்டபம் முகாமில் இருந்தது. அதன் பழைய வெளியீடுகளில் வள்ளம், வலை, கரை சார்ந்த படங்கள் கிடைக்கும், பெரும்பாலும் இடமும் மாதமும் குறித்தே இருக்கும். தேடும்போது ராம்நாடு, பாம்பன், தொண்டி ஆகியவற்றின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். 1985க்கு முன் சிவகங்கையும் விருதுநகரும் இதே மாவட்டம் என்பதால், "ராம்நாடு மாவட்டம்" என்று மட்டும் எழுதிய படம் கடற்கரையிலிருந்து வெகு தூரத்தில் எடுத்ததாகவும் இருக்கும்.